கட்டணம் கட்டினால்தான் கல்வியா?

வெளிநாடு சென்று வரும் நம் இளையோர் புலனத்திலும் படவரியிலும் பகிரும் படங்கள் மாறிவிட்டன. முன்பு கோபுரங்களும் கடற்கரைகளும் நிறைந்திருந்த இடத்தில் இப்போது மாவு அப்பிய கைகளைப் பார்க்கிறோம். ரோம், புளோரன்ஸ், பொலோஞ்ஞா என இத்தாலியின் எந்த நகருக்குப் போனாலும், அரை நாள் சமையல் வகுப்பு பயணத் திட்டத்தில் இடம்பிடித்துவிடுகிறது. மேலங்கி கட்டிக்கொண்டு, மாவு பிசைந்து, தேய்த்து, நறுக்கி, தாங்களே செய்த பாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அண்ணன் அக்காமார்கள் மட்டுமல்ல, பரிமாற்றத் திட்டத்தில் ஐரோப்பா செல்லும் மாணவர்களும் இதற்குக் காசு சேர்த்து வைக்கிறார்கள்.

இதை நான் குறை சொல்லவில்லை. ஓர் ஊரின் அருங்காட்சியகத்தைவிட அதன் அடுப்படி அதிகம் சொல்லும். என் கேள்வி வேறு. அந்நிய நாட்டில் கட்டணம் கட்டி, குறிப்பேடு எடுத்துக்கொண்டு, ஒரு பாட்டியின் கையையே மூன்று மணி நேரம் உற்றுப் பார்க்கும் நாம், நம் வீட்டுப் பாட்டியின் பக்கத்தில் அதே மூன்று மணி நேரம் நின்றிருக்கிறோமா?

முதலில், அந்த வகுப்பில் என்னதான் கற்றுத் தருகிறார்கள் என்று பார்ப்போம். வட இத்தாலியின் எமிலியா-ரோமாஞ்ஞா வட்டாரத்தில் பாஸ்தாவுக்குப் பொருள் இரண்டே. நூறு கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை. தெற்கே போனால் முட்டையும் இல்லை. கடினக் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும்தான். மாவைக் குவித்து, நடுவில் குழி செய்து, முட்டையை உடைத்து ஊற்றி, பத்து நிமிடம் போலப் பிசைய வேண்டும். பிறகு மூடி வைத்து அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். ஏன் விட வேண்டும் என்பதில் அறிவியல் இருக்கிறது. பிசையும்போது கோதுமையின் புரதங்கள் பின்னிப் பிணைந்து 'குளூட்டன்' எனும் வலையாகின்றன. உடனே தேய்த்தால் அந்த வலை ரப்பர் போலச் சுருங்கிக்கொள்ளும். ஓய்வு கொடுத்தால் இளகி, மெல்லிய தாளாக விரியும். நம் ஊரில் ரொட்டி சானாய் போடும் அண்ணன் மாவு உருண்டைகளை எண்ணெயில் ஊறவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதையெல்லாம் ஒரு காணொளி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். காணொளியால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. 'பிசைந்தது போதும்' என்று மாவு கைக்குச் சொல்லும் அந்தத் தருணம். அதைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். தவறாகத் தொடும்போது திருத்த அருகில் ஒருவர் வேண்டும். தமிழில் இதற்குக் 'கைப்பக்குவம்' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். சுற்றுப்பயணிகள் காசு கொடுத்து வாங்குவது இந்தக் கைப்பக்குவத்தைத்தான். செய்முறை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே!

இத்தாலியர்கள் தங்கள் வீட்டுச் சமையலை எப்படி மதித்தார்கள் என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. பெல்லெகிரினோ அர்த்துசி என்பவர் சமையற்காரர் அல்லர், பட்டு வணிகர். 1891-இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். முதற்பதிப்பில் 475 செய்முறைகள். புத்தகம் பரவப் பரவ, நாட்டின் பல மூலைகளிலிருந்து இல்லத்தரசிகள் தங்கள் வீட்டுச் சமையலைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். அவற்றைச் சமைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே போனார். கடைசிப் பதிப்புகளில் செய்முறைகள் 790 ஆகிவிட்டன. பல சிறு அரசுகளாகச் சிதறிக் கிடந்து அண்மையில்தான் ஒரே நாடாகியிருந்த இத்தாலிக்கு, அந்த நூல் ஒரு பொதுச் சமையலறையாக அமைந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 1911-இல் அவர் இறந்தபோது நடந்தது. நூலின் உரிமைத் தொகை தம் வீட்டில் வேலை செய்த மரியெத்தா சபத்தினி, பிரான்செஸ்கோ ருஃபில்லி ஆகிய இருவருக்கும் சேரவேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். அறிவு யாருடைய கையிலிருந்து வந்தது என்பதை அவர் மறக்கவில்லை. அவர் பிறந்த ஃபொர்லிம்போபொலி எனும் சிற்றூரில் 2007-இல் அவர் பெயரில் ஒரு சமையல் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே பாஸ்தா கற்றுத்தரும் தன்னார்வலர்களுக்கு மரியெத்தாவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஒரு வேலைக்காரப் பெண்மணியின் பெயர் இன்று ஆசிரியர்களின் பட்டமாகிவிட்டது!

பொலோஞ்ஞா நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 'தலியாத்தெல்லே' எனும் நாடா பாஸ்தா வெந்த பிறகு எட்டு மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் அந்நகர வணிகச் சபையில் முறைப்படி பதிவு செய்தார்கள். அதே நகரில் 2004-இல் தொடங்கிய 'செசரினே' எனும் அமைப்பு, சாதாரண வீட்டுப் பெண்மணிகளின் சமையலறைகளை இன்று நாடு முழுவதும் பயணிகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. 2025 டிசம்பரில் புதுடில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையலை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அதே கூட்டத்தில் நம் தீபாவளியும் அப்பட்டியலில் சேர்ந்தது நமக்கெல்லாம் பெருமை.

மலேசியாவுக்கும் இதில் இடம் உண்டு. 2024 டிசம்பரில் நம் நாட்டின் காலைச் சாப்பாட்டுப் பண்பாடு அதே பட்டியலில் ஏறியது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் என்று பல இனத்தவர் ஒரே கடையில் அமர்ந்து பசியாறும் பழக்கத்துக்குக் கிடைத்த மதிப்பு அது. ரொட்டி சானாயிலும் தே தாரிக்கிலும் தமிழ் முஸ்லிம்களின் கை இருக்கிறது. பினாங்கின் நாசி கண்டாரும் அப்படித்தான். தோளில் காவடிபோல் கம்பைச் சுமந்து, இரு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டு விற்றவர்களின் உழைப்பு அது.

இந்தப் பினாங்குச் சுவையைக் கற்றுக்கொள்ள உலகமே இங்கு வருகிறது. தெலுக் பஹாங்கில் உள்ள நறுமணப் பொருள் தோட்டத்தில் சமையல் வகுப்பு நடக்கிறது. ஜார்ஜ்டவுனில் சந்தையைச் சுற்றிக் காட்டி, காய்கறியும் மசாலாவும் வாங்க வைத்து, பிறகு அம்மியிலும் கல்லுரலிலும் அரைக்கக் கற்றுத்தரும் வகுப்புகள் உண்டு. வெள்ளைக்காரர்கள் வியர்க்க வியர்க்க மிளகாய் அரைக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், சான்றிதழ் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜுருவில், அதே அம்மி எத்தனை வீடுகளில் பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் ஜுருவில் வளர்ந்தவன். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் பெயரில் 'தோட்டம்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகளும் கார்க் கடைகளும் நெடுஞ்சாலையும்தான். தோட்டத்து வாழ்க்கையில் மீதம் இருப்பது பாட்டிமார்களின் சமையலில்தான். கோலா ஜுரு மீனவர்களிடம் வாங்கிய கெராங் சிப்பியைப் பிரட்டல் செய்வது, நெத்திலிக் கருவாட்டைக் கத்தரிக்காயோடு சேர்ப்பது, கோழிக் கறியில் பாண்டான் இலை போடுவது — இவையெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சமையல் இந்த மண்ணைச் சந்தித்தபோது பிறந்தவை. ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதைகூட அந்தச் சமையலறையில்தான் இருக்கிறது.

இவற்றை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? தமிழில் 1951-இல் வந்த எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' ஒரு பெரிய தொடக்கம். திருமணமாகி வெளியூர் போன பல பெண்களுக்கு அது துணையாக இருந்தது. ஆனால் அது சைவச் சமையல் நூல். தோட்டப்புறத்துக் கெராங் பிரட்டலை அதில் தேட முடியாது. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான். எண்பதைத் தாண்டிய நம் பாட்டிமார்களுக்குக் காலம் அதிகம் இல்லை என்பதையும் தயக்கமின்றிச் சொல்லிவிட வேண்டும்.

எதிர்க் கேள்விகள் வரும் என்று எனக்குத் தெரியும். "எஸ்.பி.எம். தேர்வு இருக்கிறது, பல்கலைக்கழக ஒப்படைப்புகள் இருக்கின்றன, இதற்கு எங்கே நேரம்?" என்பது முதல் கேள்வி. நான் கேட்பது பள்ளி விடுமுறையில் ஒரு காலைப்பொழுது. விடுதியில் உடனடி மீயைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியாமல் மாதக் கடைசியில் திண்டாடும் மாணவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பருப்பும் சோறும் ஒரு பொரியலும் செய்யத் தெரிந்தவனுக்குப் பணமும் மிச்சம், உடம்பும் மிச்சம்.

இரண்டாவது கேள்வி கனமானது. "பெண் பிள்ளைகளை மறுபடியும் அடுப்படிக்குத் துரத்தும் பேச்சா இது?" என்று தோழிகள் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பல வீடுகளில் அக்கா பாத்திரம் கழுவும்போது தம்பி கைப்பேசியில் விளையாடுவது இன்றும் நடக்கிறது. ஆகவே என் அழைப்பு முதலில் ஆண் பிள்ளைகளுக்குத்தான். ரொட்டி வீசுபவர் ஆண், நாசி கண்டார் கடையில் அகப்பை பிடிப்பவர் ஆண். கடையில் சமைத்தால் தொழில் என்கிறோம். வீட்டில் சமைத்தால் பெண்ணின் கடமை என்கிறோம். இத்தாலிய வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் நின்று மாவு பிசைகிறார்கள்; அங்கே எந்த அண்ணனும் கௌரவம் பார்ப்பதில்லை. நாம் இத்தாலியிலிருந்து கொண்டுவர வேண்டியது அந்த மேசையை.

நம் சிக்கலே இதில்தான் இருக்கிறது. காசு கொடுத்துக் கற்றால் அது திறன். காசு கொடுக்காமல் கிடைத்தால் அது வேலை. வெளிநாட்டுப் பாட்டி ஆசிரியர். நம் பாட்டி வெறும் பாட்டி. அவரிடம் நாம் "என்ன சாப்பாடு?" என்று கேட்கிறோமே தவிர, "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சில வழிகளைச் சொல்கிறேன். கடந்த பருவ விடுமுறையில் என் பாட்டியிடம் கெராங் பிரட்டல் கற்றுக்கொண்டேன். "எவ்வளவு மிளகாய்த்தூள் பாட்டி?" என்றால் "கண்ணளவுதாய்யா" என்பார். அதனால் மிளகாய்த்தூள் டப்பாவை அவர் எடுப்பதற்கு முன்பும் பின்பும் தராசில் வைத்தேன். குறைந்த எடைதான் அவருடைய கண்ணளவு. பாட்டியின் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் 60 கிராம் என்று இப்போது எனக்குத் தெரியும். வாசனை, சத்தம், நிறம் ஆகியவற்றைக் கிராமில் எழுத முடியாது. அவற்றை அவர் சொல்லும் சொல்லிலேயே ஒலிப்பதிவு செய்துகொண்டேன். "எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துக்கு வரணும்" என்பதைவிடத் தெளிவான கட்டளை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பிறகு நான் சமைக்க, அவர் நாற்காலியில் அமர்ந்து பார்த்தார். இந்தக் கடைசிப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பார்த்ததும் எழுதியதும் கைக்கு வந்துவிட்டதா என்பது நாம் தனியாகக் கரண்டி பிடிக்கும்போதுதான் தெரியும்.

என் குறிப்பேட்டில் பாதிச் சொற்கள் தமிழ், பாதி மலாய். அவற்றை மாற்ற நான் முயலவில்லை. இரண்டு மொழியில் படித்த நமக்கு அந்தக் கலவையைப் புரிந்துகொள்ளவும், பிறருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவும் முடியும். நமக்குப் பிந்திய தலைமுறைக்கு அது எளிதாக இருக்காது.

இதைத் தனிமனித முயற்சியாக மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களில் நம் இந்திய மாணவர் கழகங்கள் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகின்றன. ஒரு சமையல் பகலும் நடத்தலாமே! மாணவர்களின் பாட்டிமார்களையும் அம்மாமார்களையும் ஆசிரியர்களாக அழைத்து, மதிப்பூதியம் கொடுத்து, மேடையில் மாலை போட்டு, மற்ற இன மாணவர்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளலாம். தமிழ்ப்பள்ளிகளில் மாணவர்கள் ஆளுக்கு ஒரு வீட்டுச் செய்முறையை எழுதி வந்தாலே ஒரு வகுப்புக்கு ஒரு நூல் தேறிவிடும். அர்த்துசிக்கு வந்த கடிதங்களும் இப்படிப்பட்டவைதானே. பயணிகளுக்கு வகுப்பு நடத்திப் பிழைக்க நினைக்கும் இளையோருக்கும், செபராங் பிறையின் தோட்டத்துச் சமையல் இன்னும் யாரும் தொடாத புதையல்.

நாளை வாய்ப்புக் கிடைத்தால் நானும் பொலோஞ்ஞாவுக்குப் போவேன். கட்டணம் கட்டி மாவு பிசைவேன். அந்த வகுப்பில் யாராவது ஒருவர், "உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள், எப்படி?" என்று நிச்சயம் கேட்பார். அப்போது கைப்பேசியைத் துழாவாமல் பதில் சொல்ல வேண்டும். அதற்கான பாடம் இந்த வாரக் கடைசியிலேயே உங்கள் வீட்டில் நடக்கும். பாட்டி சீக்கிரம் எழுந்துவிடுவார். நாமும் கொஞ்சம் சீக்கிரம் எழ வேண்டும், அவ்வளவுதான்.