அலையைவிட அழைப்பே ஆபத்து

தெருவில் புது டவர் வரப்போகிறது என்றால் எங்கள் உடுமலையிலும் முதலில் எழும் பேச்சு கதிர்வீச்சைப் பற்றித்தான். இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, போன் கைக்கு வந்ததுல இருந்து எதுலயும் மனசு நிக்க மாட்டேங்குதுங்க. அந்தக் கதிரு மூளைய ஏதாச்சும் பண்ணுதுங்களா? ஆம்பளைங்கள விட எங்களுக்கு அதிகமா பண்ணுமுங்களா?"

விஞ்ஞானிகளும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 2004-ல் ஏதென்ஸ் ஆய்வாளர்கள் 19 பேரை 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் உட்காரவைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். ஆண்களிடம் அவற்றின் ஆற்றல் குறைந்தது, பெண்களிடம் கூடியது. 2011-ல் 15 ஆண்கள், 15 பெண்களைக் கொண்டு வைஃபை அலையில் சோதித்தார்கள். கவனத்தோடு தொடர்புடைய 'பி300' என்ற மின்குறி, அலை இருந்தபோது மட்டும் பெண்களைவிட ஆண்களிடம் சிறுத்திருந்தது.

இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. முப்பது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. மூளையின் மின்குறி மாறினாலே வேலையில் கவனம் சிதறும் என்றும் ஆகாது. பின்லாந்தில் 2000-ல் நடந்த சோதனையில், செல்போன் அலை பட்டபோது சில சோதனைகளில் விரைவாக விடை வந்ததாகத் தெரிந்தது. 2003-ல் அதையே இன்னும் கட்டுப்பாடாகச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. ஆணுக்கு இப்படி, பெண்ணுக்கு அப்படி என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு இன்றுவரை ஆதாரம் இல்லை.

எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் இந்த அலைகளை, புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற '2பி' பிரிவில் வைத்தது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் டவர்களின் கதிர்வீச்சு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. உடல் உள்வாங்கும் அலையின் அளவான 'சார்', எந்த போனிலும் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. பெரும்பாலான போன்களில் *#07# அழுத்தினால் அந்த அளவு தெரியும். சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு பேசும். திருமூர்த்தி மலையடிவாரத்திலோ, தகரக் கூரை போட்ட கம்பெனிக்குள்ளோ நீண்ட நேரம் பேசுவதாக இருந்தால் இயர்போன் போட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் அந்தச் சகோதரியின் மனசு நிற்காததற்குக் காரணம் வேறு. 2015-ல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கவனம் தேவைப்படும் வேலையைக் கொடுத்துவிட்டு இடையே போனை ஒலிக்கச் செய்தார்கள். எடுத்துப் பார்க்காதவர்கள்கூட அதிகமாகத் தவறு செய்தார்கள். 'யாராக இருக்கும், என்னவாக இருக்கும்' என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

இந்த நினைப்புதான் நம் பகுதியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறது. மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் வீட்டிலிருந்து வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு மாத்திரை, மகளிர் குழுக் கடன் தவணை, கேஸ் சிலிண்டர். போன் ஒலிக்காத நேரத்திலும் காது அதை எதிர்பார்த்தே இருக்கிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஒரு நிமிடம் போனாலும் கூலி போகிறது. கண் தப்பினால் விரலில் ஊசி ஏறுகிறது. ஆணுக்கு ஆபத்து பெரும்பாலும் ரோட்டில். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, பேசியபடியே பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கையில் பிடிக்காமல் பேசினாலும் கவனம் பேச்சில்தான் இருக்கும்.

சில கம்பெனிகள் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகின்றன. அதனால் பதற்றம் தீருமா? பிள்ளைக்கு என்ன ஆனதோ என்ற பயம் கூடத்தான் செய்யும். ஒவ்வொரு லைனிலும் சூப்பர்வைசரிடம் ஒரு பொது போன் இருக்கட்டும். அந்த எண் ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டிலும், பிள்ளை படிக்கும் பள்ளியிலும் இருக்கட்டும். அவசரம் என்றால் சூப்பர்வைசர் உடனே வந்து சொல்லட்டும். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் அந்தப் பெண் தன் போனை நிம்மதியாகப் பையில் வைத்துவிட்டு வேலை பார்ப்பார். ஒரு கம்பெனிக்கு இது பெரிய செலவில்லை.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். சிலிண்டர் வந்ததையும் சாவி இருக்கும் இடத்தையும் டீ இடைவேளையில் பேசிக்கொள்ளலாம். பிள்ளையின் பள்ளியில் அப்பாவின் எண்ணையும் கொடுங்கள், முதல் அழைப்பு அவருக்கும் போகட்டும். வண்டியில் போகும் அண்ணன் தம்பிகளே, போன் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள். டவருக்கு எதிராக மனுக் கொடுப்பதற்கு முன்னால் இந்த மாற்றங்களை நாளைக் காலை ஷிப்டிலிருந்தே நாம் தொடங்கிவிடலாம்.