முதல் விண்ணப்பமும் கல்வி வரலாறும்

கல்லூரியை விட்டு நீங்குங் காலம் அணுகியதும் நம்மவர் பலர் மேற்கொள்ளும் முதற்காரியம் வேலைக்கு விண்ணப்பம் எழுதுதலேயாம். அவற்றுட் சிலவற்றை யாம் படித்துப் பார்த்துள்ளோம். குறிக்கோள், குணநலன், பொழுதுபோக்கு என்பன பக்கத்தை நிறைக்க, கல்வியோ ஒரு வரியில் ஒடுங்கிக் கிடக்கின்றது. தமிழ் பயின்றோர் அவ்வொரு வரியையும் கூசிக் கூசியே எழுதுகின்றனர். சிற்றூர்ப் பள்ளியின் பெயரை முற்றும் விட்டுவிடுகின்றனர். இக்கூச்சம் வேண்டாவென்பதே எம் கருத்து.

முதன்முறை வேலை தேடுவார்க்குப் பணியநுபவம் ஏது? கல்வியே அவர்தங் கைப்பொருள். பட்டம், பாடம், கல்லூரி, பல்கலைக்கழகம், ஆண்டு, மதிப்பெண் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டி, இறுதியிற் கற்றதனை முதலில் வைத்தெழுதுதல் முறை. தேர்வின் முடிவு இன்னும் வாராதிருப்பின் அங்ஙனமே குறித்தல் வேண்டும். தேறியதாக எழுதுவது பொய்யேயன்றி வேறன்று. தமிழ் மாணவர் தாம் பதிப்பித்த கையெழுத்து ஏட்டையும் பிழை திருத்திய மலரையும் கல்வியோடு சேர்த்தெழுதலாம். அச்சகத்தார்க்கும் பத்திரிகை நிலையத்தார்க்கும் வேண்டுவது அதுவே.

பள்ளியின் பெயரை விடுதல் எத்துணை இழப்பென்பதற்குச் சட்டமே சான்று. தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்குஞ் சட்டம் 2010-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. பட்டம் மட்டுமன்றிப் பள்ளிக் கல்வியும் தமிழ்வழியில் அமைந்திருத்தல் வேண்டுமெனும் திருத்தம் 2020-இல் வந்தது. நண்பர் கூசி விட்டுவிட்ட அப்பள்ளியின் தலைமையாசிரியர் தருஞ் சான்றிதழே அங்குக் கேட்கப்படுகின்றது!

தகுதியிருந்தும் கதவடைக்கப்படுதல் இல்லையோ எனின், உண்டு. நாஞ்சில் நாட்டை உள்ளடக்கியிருந்த பழைய திருவிதாங்கூரில், சென்னையில் மருத்துவங் கற்றுத் தேறிய டாக்டர் பல்பு, ஈழவராகப் பிறந்தமையால் அரசுப்பணி பெறாது மைசூர் அரசின் பணியில் அமர்ந்தார். 1896-இல் அவர் முன்னின்று மன்னர்க்கு அளித்த ஈழவர் விண்ணப்பத்தில் 13,176 பேர் கையொப்பமிட்டனர். அவர்தங் கல்வித்தகுதி ஐயத்திற்கிடமின்றி விளங்கியமையாலேயே, வேலை மறுத்தற்குச் சாதியன்றி வேறு காரணமின்மையும் விளங்கிற்றென்பது எம் துணிபு. தகுதியை மழுப்பி எழுதியவர்க்கு வழக்குரைக்கவும் இடமில்லை.

விளவங்கோட்டுப் பக்கத்தில் மலையாளவழிப் பள்ளிகளிற் பயின்று வந்த நண்பர்க்கு மேற்சொன்ன 20 விழுக்காடு எட்டாது. அவர் அப்பள்ளியின் பெயரையும் பயின்ற மொழியையும் மறைத்தல் தகாது. இருமொழியும் எழுதப் படிக்க வல்லாரைக் களியக்காவிளைக்கு அப்பாலும் இப்பாலும் தேடுவோர் உளர்.