தகட்டை வெட்ட முதல்

போன மாதம் ஊஸ்டர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்றபோது ஒரு தம்பி வந்து கதைத்தான். வயது பத்தொன்பது. தொழிற்பயிற்சி முடித்து, முதல் சம்பளங்களைச் சேர்த்து, பழைய டொயோட்டா ஜி.டி. 86 ஒன்று வாங்கியிருக்கிறான். நானும் ஒரு காலத்தில் அதே கார் வைத்திருந்தது அவனுக்குத் தெரியும்.

"அண்ணா, பின் சில்லு பிறேக்குக்குப் பின்னால ஒரு தகடு இருக்கெல்லோ? அதை வெட்டி எறிஞ்சால் பிறேக் சூடாகாதாம். சனிக்கிழமை வெட்டப்போறன். என்ன சொல்லுறியள்?"

"வெட்டாதை" என்றேன். ஏன் என்று சொல்ல முதல் ரயில் வந்துவிட்டது. ஆகவே மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் பலர் கிறைண்டரைக் கையில் வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

காரை மாற்றிக் கட்டுவதற்கு நான் எதிரி இல்லை. வார இறுதியில் காருக்குக் கீழே படுத்துக் கிடந்துதான் நான் பொறியியலில் பாதியைப் படித்தேன். ஆனால் இந்தத் தகட்டை நானே வெட்டி, நானே அனுபவித்தவன்.

அது ஒரு மெல்லிய உலோகத் தகடு. டிஸ்க்கின் உட்பக்கத்தை மூடி நிற்கும். பெயர் தூசித் தகடு என்றாலும் தூசி அதன் சின்ன வேலை. மழைத் தண்ணீரும் சேறும் டிஸ்க்கில் அடிக்காமல் தடுக்கும். சிறு கற்கள் உள்ளே போகாமல் பார்க்கும். டிஸ்க்கில் இருந்து வீசும் வெப்பம் பக்கத்தில் இருக்கும் ரப்பர் உறைகளையும், மூட்டுகளையும், ஏ.பி.எஸ். சென்சரின் வயரையும் நேரே தாக்காமல் மறைக்கும். ஜி.டி. 86 போன்ற கார்களில் பின் தகட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின் டிஸ்க்கின் நடுவில் ஒரு சின்ன ட்ரம் இருக்கிறது. ஹான்ட் பிறேக் அதற்குள்தான் பிடிக்கிறது. அந்த ட்ரம்முக்கு மூடியும் இந்தப் பின் தகடுதான்.

இதை வெட்டுகிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, காற்றுப் பட்டால் பிறேக் குளிரும். மற்றது, பெரிய டிஸ்க் போட்டால் தகட்டின் விளிம்பு இடிக்கும்.

முதல் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளோடும் பையோடும் கார் 1400 கிலோ என்று வையுங்கள். 100 கி.மீ. வேகத்தில் இருந்து ஒரு தடவை நிறுத்தினால் பிறேக்குகளுக்குள் போகும் சக்தி ஏறக்குறைய 0.54 மெகாஜூல். இப்போது கிளவுசன் கணவாயில் இருந்து லிந்தால் பக்கம் இறங்குங்கள். கணவாயின் உயரம் 1948 மீட்டர். லிந்தால் ஏறக்குறைய 1300 மீட்டர் கீழே இருக்கிறது. அந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய சக்தி 18 மெகாஜூல் அளவு. அதாவது 100 கி.மீ. வேகத்தில் இருந்து 33 தடவை நிறுத்துவது போல.

கொஞ்சத்தைக் காற்றும் ரயரும் எடுக்கும். மிச்சம் முழுவதையும் பிறேக்கிடம் கொடுத்தால் தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தாங்காது. அதை எடுக்க வேண்டியது எஞ்சின். இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்குங்கள். பிறேக் எண்ணெயையும் நேரத்துக்கு மாற்றுங்கள். டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மிதி பஞ்சு மாதிரிப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

அதோடு, நிறுத்தும்போது காரின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பெரும்பகுதி வேலையைச் செய்வது முன் பிறேக். பின் தகட்டை வெட்டிக் குளிர்மை தேடுவது, தலையிடிக்குக் காலில் மருந்து பூசுவது மாதிரி.

"ரேஸ் காரில் இல்லையே" என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஹின்வில்லில்தான் பீட்டர் சவுபர் 1970இல் தொடங்கிய நிறுவனம் ஃபோர்முலா 1 கார் கட்டியது. அப்படியான கார்களில் பிறேக்கைச் சும்மா திறந்து விடுவதில்லை. குழாய் வைத்து, காற்றை டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். காற்றோட்டமுள்ள டிஸ்க் நடுவில் காற்றை இழுத்து ஓரத்தால் தள்ளுகிறது. ஆகவே காற்று நடுவுக்குப் போக வேண்டும். அந்தக் காருக்கு ஜனவரி மாத உப்பும் சேறும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் காரணம் உண்மையானது. என்னுடையதும் அதுதான். ஜி.டி. 86இன் சாதாரணப் பின் டிஸ்க் 290 மி.மீ. நான் பாவித்த பிரெம்போ செட் ஒன்று வாங்கினேன், பின் டிஸ்க் 316 மி.மீ. தகட்டின் விளிம்பு இடித்தது. ஓரத்தில் ஒரு கீற்று எடுத்திருந்தால் போதும். நானும் நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதித் தகட்டையே எடுத்துவிட்டோம். இடது பக்கத்தில் கை தவறி ட்ரம்மின் ஓரம் வரை போய்விட்டது. "பரவாயில்லை மச்சான், ஆர் பாக்கப்போறாங்கள்" என்றான். நானும் சிரித்தேன்.

அந்தக் குளிர்காலம் ஏ53இல் உப்புத் தண்ணீருக்குள் ஓடினேன். டிஸ்க்கின் உட்பக்கம் கறள் பிடித்தது. மழையில் முதல் மிதிக்குப் பின் பிறேக் பிந்திப் பிடித்தது. வசந்தத்தில் வாகனப் பரிசோதனைக்குப் போனபோது, உருளையில் ஏற்றி ஹான்ட் பிறேக்கை இழுத்தார்கள். வலது பக்கம் பிடித்தது. இடது பக்கம் பாதிதான். ட்ரம்முக்குள் மண் போயிருந்தது. பெரிய பிறேக்குக்குப் பத்திரமும் என்னிடம் இல்லை. கார் அங்கேயே தோற்றது. பிழை முழுவதும் என்னுடையது. புதுத் தகடு மலிவு. ஆனால் அதை மாட்ட சில்லுத் தாங்கியையே கழற்ற வேண்டும், கூலிதான் என்னைத் தின்றது.

அந்தக் கிழமை மாமா வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன். மாமா 90களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் அங்கே பெற்றோல் இல்லை. பழைய ஒஸ்டின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாமா சொன்னது இதுதான்:

"நாங்கள் வழியில்லாமல் மாத்தினனாங்கள். எண்டாலும் எதைக் கழட்டினாலும் அது ஏன் அதில இருந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். நீ படிச்சனி. அதைப் போட்டவன் ஏன் போட்டவன் எண்டு ஒருக்கால் யோசிச்சனியே?"

என்னிடம் பதில் இல்லை. மாஸ்டர்ஸ் பட்டம் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். வாகனங்களின் தொழில்நுட்பத் தேவைகள் பற்றி இங்கே 1995இல் ஒரு சட்டவிதி வந்தது, வி.டி.எஸ். என்பார்கள். அதன் 34ஆம் பிரிவின்படி பிறேக் அமைப்பை மாற்றினால் அறிவிக்க வேண்டும், திரும்ப ஓட்ட முதல் பரிசோதிக்க வேண்டும். அறிவிக்காமல் ஓடி விபத்து நடந்தால், காயப்பட்டவருக்குக் காப்புறுதி காசு கொடுத்துவிட்டு உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். பாதுகாப்பில்லாத காரை ஓட்டியது வழக்காகிக் குற்றப்பதிவில் ஏறினால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது உங்கள் முன்னால் வந்து நிற்கும். எங்களில் பலர் இன்னும் சி அனுமதியில்தான் இருக்கிறோம். ஒரு தகட்டுக்காக அந்தக் கடதாசியைப் பணயம் வைக்காதீர்கள்.

பெரிய டிஸ்க் போட்டே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் பத்திரம். உங்கள் காருக்கு அந்த பிறேக் பொருந்தும் என்ற சான்று இருக்கிறதா என்று வாங்க முதலே கேளுங்கள். பிறகு வளைத்துப் பாருங்கள், பல இடத்தில் விளிம்பை வளைத்தாலே போதும். போதாவிட்டால் வெளி விளிம்பில் மட்டும் எடுங்கள். ட்ரம்மை மூடும் உள் வளையத்தையும் வயர் போகும் இடத்தையும் தொட வேண்டாம். வெட்டிய ஓரத்தை அராவி, கறள் தடுக்கும் பெயின்ற் அடியுங்கள். சில்லைக் கையால் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். கடைசியில் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்யுங்கள்.

தம்பி, நீ இதை வாசித்தால் சனிக்கிழமை கிறைண்டரை வீட்டில் வைத்துவிட்டு வா. என்னிடம் ஜாக்கியும் லாம்பும் இருக்கிறது. சில்லைக் கழற்றி அந்தத் தகட்டை முதலில் ஒருக்கால் பார்ப்போம். வெட்டுவதா இல்லையா என்று அதற்குப் பிறகு நீயே சொல்.