பித்தளை மறப்பதில்லை

சுட்ட தோட்டாக் கூட்டை மறுபடி பயன்படுத்தும்போது வரும் தொல்லைகள் பெரும்பாலும் உலோகம் முன்கூட்டியே சொல்லிவிட்ட தொல்லைகள்

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு விசித்திரமான ஒரு தலைவலி இருந்தது. மழைக்காலத்தில் கிடங்கைத் திறந்து பார்த்தால் பித்தளைத் தோட்டாக்கள் யாரும் தொடாமலே விரிசல் விட்டிருந்தன. குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களில்தான் இந்தக் கோளாறு அதிகம். மழையோடு வந்து மழையோடு போனதால் இதற்குப் 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் தெளிவாக விளங்கியது 1921இல்தான். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, மழைக்காற்றின் ஈரம், தயாரிப்பின்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விரிசல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விரிசல் இல்லை.

அந்த மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பித்தளையை அடித்தாலும் நசுக்கினாலும் இழுத்தாலும், அது பட்ட பாட்டை உள்ளுக்குள் வைத்திருக்கும். சமயம் வரும்போது திருப்பிக் கொடுக்கும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வீட்டு மேஜையிலேயே ரைஃபிள் தோட்டாக்களை மறுபடி நிரப்பிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான பொழுதுபோக்காளர்கள் அன்றாடம் மோதுவது இந்தக் குணத்தோடுதான்.

ஏன் இந்த வேலை? காசுதான் முதல் காரணம். ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பறந்து போகும் குண்டு, எரிந்து போகும் மருந்து, தீ மூட்டும் பிரைமர், இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடு. முதல் மூன்றும் சுட்டதும் தீர்ந்துவிடுகின்றன. விலை அதிகமான கூடு மட்டும் கையில் மிஞ்சுகிறது. இரண்டாவது காரணம் துல்லியம். தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி தானே நிரப்பிய தோட்டா, கடையில் வாங்கியதைவிடக் குறி தவறாமல் போகும் என்பது 300 மீட்டர் போட்டிகளில் சுடுபவர்களின் அனுபவம்.

ஆனால் சுட்ட கூடு, சுடாத கூடு அல்ல. உதாரணமாக, 1952இல் வந்த .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயருக்குள் இருப்பது சுமார் 30 பவுண்டு. ஆக, டயரைப்போல 2,000 மடங்கு. அந்த வேகத்தில் பித்தளை நாலாபுறமும் ஊதி, துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் இம்மியளவு சுருங்கி, வெளியே எடுக்க வழிவிடுகிறது. 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதே இதற்காகத்தான். ஆனால் சுருங்கியது பழைய அளவுக்கு அல்ல. எனவே எஃகு அச்சு ஒன்றுக்குள் கூட்டைத் திணித்து, பிரஸ்ஸின் நெம்புகோலால் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொல்லைகள் ஆரம்பமாவது இங்கேதான்.

சிக்கிக்கொண்ட கூடு

புதிதாக இறங்குபவரின் முதல் விபத்து இது. பாதி தூரம் போன கூடு அச்சுக்குள் இறுகிவிடும். நெம்புகோலை மூர்க்கமாக இழுத்தால் கூட்டின் விளிம்பு பிய்ந்துகொண்டு வரும்; கூடு உள்ளேயே நிற்கும். காரணம் அநேகமாக ஒன்றுதான்: மசகு போதவில்லை. கைத்துப்பாக்கியின் நேர்க் கூடுகளுக்கு மசகு தேவைப்படாத கார்பைடு அச்சுகள் உண்டு. கழுத்துக் குறுகிய ரைஃபிள் கூட்டுக்கு மசகு கட்டாயம். சிக்கியதை எடுக்க, அடிப்பாகத்தில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டை முடுக்கி இழுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. சில சமயம் அச்சும் பாழ்.

சூடு கண்ட பூனை அடுத்த முறை மசகை அள்ளிப் பூசும். அதுவும் தவறு. கூட்டின் தோள்பட்டையில் தேங்கும் மசகுக்குப் போக இடமில்லாதபோது அது பித்தளையையே உள்ளே அமுக்கிவிடும். தோளில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், மசகு அதிகம் அல்லது அச்சிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். உடம்புப் பகுதியில் மெல்லிய பூச்சு, கழுத்தின் உட்புறம் ஒரு தீற்று, தோளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதுதான் அளவு. பலரும் பயன்படுத்துவது ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் லானோலின். தோட்டாவையும் கொழுப்பையும் சேர்த்துச் சொன்னால் இந்திய வாசகருக்கு 1857 நினைவுக்கு வரும். இந்தக் கொழுப்பிலும் ஆபத்து உண்டு, ஆனால் மதம் சார்ந்ததல்ல. வேலை முடிந்ததும் துடைத்தெடுக்காவிட்டால், சுடும்போது கூடு அறைச் சுவரைப் பற்றாமல் வழுக்கி, போல்ட்டின் மீது முழு வேகத்தோடு மோதும்.

மூட மறுக்கும் போல்ட்

அச்சில் அழுத்தியாகிவிட்டது, ஆனாலும் தோட்டாவை அறையில் போட்டால் போல்ட் மூட மறுக்கிறது. இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று, அச்சு போதுமான ஆழத்துக்கு இறக்கப்படவில்லை. தோள் பின்னுக்குத் தள்ளப்படவில்லை. இரண்டு, கழுத்துக்குள் மசகு இல்லை. அச்சின் நடுவிலுள்ள உருண்டை வெளியே வரும்போது கிறீச்சென்று கத்தி, கழுத்தையும் தோளையும் முன்னுக்கு இழுத்துவிட்டது. சத்தம் கேட்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூன்று, கூடு நீண்டுவிட்டது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அழுத்தும்போதும் பித்தளை கழுத்துப் பக்கம் நகர்கிறது. .308 கூட்டின் உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் வாய்ப்பகுதி குழல் முனையில் நெரிந்து குண்டை இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் அபாயகரமாக ஏறும். நறுக்கித்தான் ஆக வேண்டும். நான்கு, பலமுறை அடிவாங்கிய பித்தளை கெட்டிப்பட்டுவிட்டது. அச்சுக்குள் அடங்கி, வெளியே வந்ததும் மறுபடி நிமிர்கிறது.

எது காரணம் என்று கண்டுபிடிக்காமல், பலர் முதல் காரணத்துக்கான மருந்தையே எல்லாவற்றுக்கும் கொடுக்கிறார்கள். அச்சை இன்னும் கொஞ்சம் இறக்குகிறார்கள். போல்ட் மூடிவிடும். உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

அளவுக்கு மீறி அழுத்தினால்

தோளை அதிகம் பின்னுக்குத் தள்ளிவிட்டால், தோட்டா அறைக்குள் தளர்வாக உட்காரும். சுட்டதும் கூட்டின் முன்பாதி சுவரைப் பற்றிக்கொள்ளும். அடிப்பாகம் பின்னுக்குப் போய் போல்ட்டில் மோதும். இடைப்பட்ட பித்தளை இழுபட்டு மெலியும். மறுபடி அழுத்தி, மறுபடி சுட்டால் இன்னும் மெலியும். சில சுற்றுகளுக்குப் பின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே கூடு இரண்டாக அறுந்துவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் முன்பாதி அறைக்குள் சிக்குவதோடு போகும். இல்லாவிட்டால் கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பும்.

இதற்குப் பேர்போனது இந்தியர்களுக்கு நன்கு பழக்கமான .303 லீ-என்ஃபீல்டு. இஷாப்பூரில் தயாரானது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தன்றுதான் அதற்கு விடைகொடுத்தது. சேறு படிந்த தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்பதற்காக அதன் அறையைத் தாராளமாகவே குடைந்தார்கள். சுட்ட கூட்டைச் சிப்பாய் தேடப் போவதில்லை என்பதால் யாருக்கும் அதில் கவலை இல்லை. அந்தத் தோட்டா அறையில் நிற்பது பின்புற விளிம்பின் பலத்தில். தோளுக்கு முன்னே காலி இடம் உண்டு. போல்ட்டின் பூட்டும் பின்பக்கத்தில் இருப்பதால் சுடும்போது கொஞ்சம் நெகிழும். இந்தத் துப்பாக்கியில் சுட்ட கூட்டை ஒவ்வொரு தடவையும் முழுதாக அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருபவர், அதன் ஆயுளைத் தானே அறுக்கிறார். கழுத்தை மட்டும் அழுத்திவிட்டு உடம்பை விட்டுவிட்டால், அதே கூடு தோளின் ஆதரவில் கச்சிதமாக நின்று பல மடங்கு உழைக்கும்.

மற்ற போல்ட் ரைஃபிள்களுக்கும் விதி இதேதான். தோள் பின்னுக்குப் போக வேண்டிய தூரம் 0.05 மில்லிமீட்டர் அளவுதான். சாதாரணத் தாளின் கனத்தில் பாதி. வழக்கமான அச்சின் மரை ஒரு சுற்றுக்கு 1.8 மில்லிமீட்டர் இறங்குகிறது. அப்படியானால் சரியான திருத்தம் சுமார் 10 டிகிரி. கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் தூரத்தைவிடக் குறைவு. ஆனால் பிடிப்பான் தொட்ட பிறகு இன்னும் கால் சுற்று முடுக்கச் சொல்வதுதான் பலர் பின்பற்றும் வழக்கம். கால் சுற்று என்பது இதைப்போல ஒன்பது மடங்கு. பிரஸ்ஸின் நெகிழ்வு அதில் ஒரு பகுதியை விழுங்கும் என்றாலும், எவ்வளவு விழுங்கியது என்று கண்ணால் சொல்ல முடியாது. அழுத்துவதற்கு முன்னும் பின்னும் தோளை அளப்பவருக்கு மட்டுமே விடை தெரியும்.

கூடு எச்சரிக்காமல் அறுவதில்லை. அடிப்பாகத்துக்கு மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அது முதல் நோட்டீஸ். காகித கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் சற்று மடக்கி, கூட்டின் உள்சுவரில் கீழிருந்து மேலாக இழுத்துப் பார்க்கலாம். பள்ளத்தில் நுனி தட்டினால் அது இறுதி நோட்டீஸ்.

நெருப்பும் அமோனியாவும்

வாயோரம் கீறல் விடும் கூடுகளின் கதை வேறு. பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் இருக்கும் தட்டேரா கைவினைஞர்களுக்கு இது தெரியும். யுனெஸ்கோ 2014இல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கலை அவர்களுடையது. பித்தளைத் தகட்டை அடித்துக்கொண்டே போனால் கெட்டிப்பட்டு வெடிக்கும்; நடுவே சூடு காட்டினால் மறுபடி இளகும். தோட்டாக் கூட்டுக்கும் அதே வைத்தியம்தான். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலம் பாய்ந்த கறை தொழிற்சாலை காட்டிய அந்தச் சூட்டின் தடம். ஆனால் கழுத்துக்கும் தோளுக்கும் மட்டுமே சூடு. அடிப்பாகம் கெட்டியாக இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். அதையும் இளக்கிவிட்ட கூட்டைக் காப்பாற்ற வழியில்லை, கெட்டித்தன்மை திரும்பாது.

இன்னொரு தொல்லை பிரைமரைத் தட்டும் ஊசி முறிவது. அமெரிக்கத் தோட்டாக்களில் இருப்பது பாக்ஸர் முறை. நடுவில் ஒரே துளை. பிரிட்டிஷ் ராணுவ .303 தோட்டாக்களில் பெரும்பாலும் பெர்டன் முறை. ஓரத்தில் இரண்டு துளைகள். நடுவில் ஊசி மோதினால் முறியாமல் என்ன செய்யும்? வேடிக்கை என்னவென்றால் பாக்ஸர் பிரிட்டிஷ்காரர், பெர்டன் அமெரிக்கர். அழுத்துமுன் டார்ச் அடித்துக் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பது ஒன்றே தடுப்பு.

கடைசியாக, கூட்டைப் பளபளப்பாக்க அமோனியா கலந்த பாலிஷ் போடுபவர், லாயத்துத் தோட்டாக்களுக்கு நேர்ந்ததைத் தன் மேஜைக்கு வரவழைக்கிறார். அழுத்திய கூட்டில் இறுக்கம் ஏற்கெனவே உண்டு. ஈரம் காற்றில் உண்டு. மூன்றாவதை அவர் கடையில் வாங்கி வருகிறார்.

இந்தியாவில்

இங்கே இது வீட்டு மேஜைப் பொழுதுபோக்கு அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். ராணுவம் பயன்படுத்திய .303 போன்ற ரகங்கள் சாதாரண உரிமதாரருக்குக் கிடையாது. அதனால்தான் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை போன்றவை.315 விளையாட்டு ரைஃபிளைத் தயாரித்து விற்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியின் .22 தோட்டாவை மறுபடி நிரப்ப முடியாது. தீ மூட்டும் மருந்து அதன் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் உரிமம் இருப்பவரின் துப்பாக்கியும் இதே பௌதிகத்துக்குத்தான் கட்டுப்பட்டது. எத்தனை முறை சுட்டது, யார் நிரப்பியது என்று தெரியாத தோட்டாவை மலிவு என்பதற்காக அறையில் போடுபவர், அடுத்தவர் சேர்த்துவைத்த இறுக்கத்தைத் தன் முகத்துக்கு அருகில் வைத்து வெடிக்கிறார்.

அனுபவசாலிகளின் பழக்கங்கள் எளிமையானவை. ஒரே ரைஃபிளில் சுட்ட கூடுகளைத் தனிப் பெட்டியில் வைத்து, எத்தனையாவது சுற்று என்று எழுதுகிறார்கள். கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள். நெம்புகோல் வழக்கத்தைவிடக் கனத்தால் அங்கேயே நிறுத்துகிறார்கள். சந்தேகம் வந்த கூட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் குறடால் நசுக்கிவிடுகிறார்கள், வேறு யாரும் அதை நல்லது என்று நினைத்து எடுத்துவிடக்கூடாது என்பதற்காக.