மண்ணைக் கையில் கொடுங்கள்: தொடக்கப் பள்ளிக் கலை வகுப்புக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கும் தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரும் அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகள் இவை.

எங்கள் பிள்ளைகள் ஐந்து வயதில் வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதில்லை. ஈரமண்ணில் கோயில் கட்டி, பனையோலையில் காற்றாடி செய்து, அம்மா போட்ட கோலத்துக்குப் பக்கத்தில் தானும் நாலு புள்ளி வைத்துப் பழகிய கையோடு வருகிறார்கள். அந்தக் கைக்குப் பள்ளி தருவது அச்சடித்த மாம்பழப் படம். கோட்டைத் தாண்டாமல் மஞ்சள் தீட்டினால் நட்சத்திரம். முப்பது பிள்ளைகள், முப்பதும் ஒரே மாம்பழம். இதைக் கலை வகுப்பு என்று நாங்கள் ஏற்கவில்லை.

சட்டமே இந்த வயதை விட்டுவிட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. 1 முதல் 5 வரை அப்படி ஒரு வரி கிடையாது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், அவ்வளவுதான். ஐந்து வகுப்பையும் இருவரே தாங்கும் ஈராசிரியர் பள்ளியில், பாடத்தையும், எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவையும் முடித்துவிட்டு ஓவியத்துக்கு எந்த நேரத்தில் திரும்புவார்கள்? அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை.

ஆகவே முதலில் கேட்பது ஆள். சட்டம் சொல்லாததை மாநில அரசு தன் ஆணையால் தரலாம். பள்ளிக்கு ஒருவர் என்று கேட்கவில்லை. அருகருகே உள்ள பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையத்துக்கு ஒரு கலை ஆசிரியர் போதும், நாளுக்கு ஒரு பள்ளியாகச் சுற்றி வரட்டும். தகுதியானவர்களைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. 2012இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலானவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல முறை சென்னைக்கு வந்து தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்களைக் காலமுறை ஊதியத்தில் நிரந்தரமாக்குங்கள். ஓவிய ஆசிரியர்களின் பொறுப்பில் தொடக்க வகுப்புகளையும் சேருங்கள். இதில் அவர்கள் பிழைப்பும் எங்கள் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

அடுத்தது நேரம். வாரம் ஒரு நாள், இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் வேண்டும். ஒரே பாடவேளை ஏன் போதாது என்பது களிமண் வைத்து ஒரு முறை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல் பொறுக்கி, பிசைந்து, பதத்துக்குக் கொண்டுவரவே பத்து நிமிடம் போய்விடும். கடைசியில் தரையையும் கையையும் கழுவ இன்னொரு பத்து. எங்களில் ஒருவர் நடத்திய மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி ஆடு செய்தாள். காலைத் தனியே உருட்டி அப்படியே ஒட்டினாள். மறுநாள் காய்ந்தபோது நான்கு காலும் உதிர்ந்து கிடந்தன. அழுதாள். அடுத்த வாரம், பாட்டி அடுப்புப் பூசும்போது பார்த்த நினைவில், ஒட்டும் இடத்தை ஈர்க்குச்சியால் கீறிக் குழைசேற்றைத் தடவி அழுத்தினாள். மூன்று கால் நின்றது. தமிழ்ப் பாடத்தில் வாயே திறக்காத அந்தப் பிள்ளை, ஆடு எப்படி நொண்டியானது என்று வகுப்புக்கே கதை சொன்னாள். வண்ணம் தீட்டும் புத்தகத்தில் எதுவும் உதிர்ந்து விழாது. அதனால் அங்கே திருத்திச் செய்து பார்க்க எதுவும் இருப்பதில்லை. தேர்வு நெருங்கினால் முதலில் பிடுங்கப்படுவது இந்த நேரம்தான். அப்படிப் பிடுங்கக் கூடாது என்று சுற்றறிக்கை வேண்டும்.

பொருளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கிரையானும் வண்ணப் பென்சிலும் அரசு விலையில்லாமல் தருகிறது, நன்றி. ஆனால் கலைக்குக் கடைப் பொருளே கதி என்ற எண்ணம் போக வேண்டும். மஞ்சள்தூளில் சுண்ணாம்பைக் குழைத்தால் சிவக்கும். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறும். கரிக்கட்டை, செம்மண், வெண்டைக்காய்க் காம்பு அச்சு என்று எல்லாம் பள்ளியைச் சுற்றியே கிடக்கின்றன. களிமண்ணுக்குத்தான் அனுமதிச் சிக்கல். ஏரி, கண்மாயில் வண்டலும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்ற ஏற்பாடு 2024இல் வந்தது. அந்தப் பட்டியலில் பள்ளியையும் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு வண்டி மண் போதும். வாங்கியே ஆக வேண்டிய தூரிகை, கனத்த தாள், முனை மழுங்கிய கத்தரி ஆகியவற்றுக்குப் பள்ளி மானியத்தில் தனித் தொகை ஒதுக்குங்கள். வகுப்புக்கு இரண்டு கத்தரியாவது இடக்கைப் பிள்ளைகளுக்கானதாக இருக்கட்டும். வழக்கமான கத்தரி இடக்கையில் சரியாக வெட்டாது. தாள் மடங்கி மாட்டிக்கொள்வதைத் தன் திறமைக்குறைவு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

ஊரில் குயவர் இருக்கிறார், பாய் பின்னுகிறவர் இருக்கிறார், ஓலைப்பெட்டி முடையும் பாட்டி இருக்கிறார். மாதம் ஒரு நாள் அவர்களை வகுப்புக்கு அழைக்கவும், உரிய மதிப்பூதியம் தரவும் தலைமையாசிரியருக்கு அதிகாரம் வேண்டும். ஆனால் சாதித் தொழிலைக் கற்றுக்கொடுக்க யாரையும் நாங்கள் அழைக்கவில்லை. எந்த வீட்டுப் பிள்ளையும் சக்கரத்தில் கை வைக்கட்டும், எந்த வீட்டுப் பிள்ளையும் பாய் பின்னட்டும். இதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

1 முதல் 5ஆம் வகுப்பு வரை கலையில் போட்டி, பரிசு, மதிப்பெண் எதுவும் வேண்டாம். 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா பெரிய பிள்ளைகளுக்கு நல்ல மேடையாக இருக்கிறது. ஆனால் ஆறு வயதில் முதலிடம் ஒருவருக்கு என்றால், மற்றவர்கள் தமக்கு வரைய வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல பெரியவர்கள் அந்த முடிவோடுதான் இன்றும் இருக்கிறார்கள். பரிசுக்குப் பதில் சுவரைக் கொடுங்கள். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அமைத்தார்கள். இந்த மாநிலம் செய்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று. அது அழிந்த இடங்களில் மீண்டும் பூசித் தாருங்கள்.

பயிற்சியைப் பற்றி ஒரே வார்த்தை: மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் ஆசிரியர்களுக்குத் திரையில் படம் காட்டுவதை விட்டு, அவர்கள் கையில் களிமண்ணைக் கொடுங்கள்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டிக் கலைக் கல்வி பற்றி வந்த அறிக்கை, கலையைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. நாங்கள் கேட்பது புதிதல்ல.

பெற்றோருக்கு ஒரு சொல். சீருடையில் மண் அப்பி வந்தால் திட்டாதீர்கள். பழைய சட்டை ஒன்றைப் பையில் வைத்து அனுப்புங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவையுங்கள்.