தட்டியை ஏன் கழற்றினம்?

எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. நோர்வேயில இருக்கிற சித்தப்பா அனுப்பினது. எங்களில ஒருத்தியின்ர சித்தப்பாதான், இப்ப நாலு பேருக்கும் அவர் சித்தப்பா. ஒரு மின்சாரக் கார். அதின்ர பின்பக்கத்தில ஒரு கொக்கி. கொக்கியில ஒரு தட்டு, தட்டில ரெண்டு சைக்கிள் நிமிர்ந்து நிக்குது. கீழ "காட்டுக்குச் சைக்கிள் ஓடப் போறம்" எண்டு எழுதியிருந்தார்.

நாங்கள் முதல் சிரிச்சம். சைக்கிள் எங்களைச் சுமக்கத்தானே இருக்கு, அதை ஏன் நாங்கள் சுமக்க வேணும்? முரசுமோட்டையில சைக்கிள் எண்டால் கடைக்குப் போறது, வயலுக்குப் போறது, தம்பியை முன்னுக்கும் நெல்லு மூட்டையைப் பின்னுக்கும் வைச்சு மில்லுக்குப் போறது. சைக்கிள் ஓடுறதுக்காக நூறு கிலோமீற்றர் காரில போறது எங்களுக்குப் பகிடியாத்தான் தெரிஞ்சது.

ஆனால் சித்தப்பா முரசுமோட்டையில பிறந்து வளர்ந்த ஆள். பகிடியை விட்டிட்டு விசயத்தைச் சொன்னார். நோர்வேயில 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவு முழு மின்சாரக் கார்தானாம். மின்சாரக் காரில ஒரு முறை சார்ஜ் பண்ணினால் எவ்வளவு தூரம் போகலாம் எண்டதுதான் எல்லாத்துக்கும் கணக்கு. சைக்கிளைக் கூரையில ஏத்தினால் அது காத்தை எதிர்த்து நிக்கும், வேகமாப் போகப் போக பற்றறி கெதியா இறங்கும். பின்னுக்குக் கொக்கியில மாட்டினால் கார் காத்தைக் கிழிச்சுக்கொண்டு போக, சைக்கிள் அதின்ர மறைவில வரும். இழப்பு குறைவு. சைக்கிளைத் தலைக்கு மேல தூக்கவும் தேவையில்லை.

அதுக்கும் கட்டுப்பாடு இருக்கு. அவருடைய காரின் கொக்கி மேலிருந்து கீழ் தாங்குற எடை 75 கிலோ. தட்டு 18 கிலோ, மின்சாரச் சைக்கிள் ஒவ்வொன்றும் 25 கிலோ. கூட்டினால் 68. மூண்டாவது சைக்கிளுக்கு இடமில்லை. சைக்கிளின்ர பற்றறியைக் கழற்றிக் காருக்குள்ள வைச்சால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். காரின்ர இலக்கத் தகடும் பின் லைற்றும் மறையிறதால தட்டுக்கெண்டு தனியாத் தகடும் லைற்றும் வேணும். லைற்றின்ர வயரைக் காரோட கொழுவாட்டி, பின்னுக்கு எடுக்கிற நேரமெல்லாம் கார் "ஏதோ இடிக்குது" எண்டு கத்திக்கொண்டே நிக்கும்.

இதெல்லாம் கேட்டு முடிய, எங்களில ஒருத்தன் சொன்னான்: "இது தட்டிவான்தானே!"

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத வேணும் எண்டு முடிவெடுத்தம்.

தட்டிவானைப் பார்க்காத ஆக்களுக்கு: பழைய ஆங்கிலேயர் காலத்து வாகனச் சட்டத்தில மரத்தால கூடு கட்டி, உள்ளுக்கு ஆக்கள் இருக்க வாங்கு போட்ட வண்டி. பின்பக்கம் கதவு இருக்காது. சங்கிலியில தொங்குற ஒரு பலகைத் தட்டி இருக்கும். அதை இறக்கினால் ஒரு சின்ன மேடை. மீன் பெட்டி, மரக்கறி மூட்டை, ஆடு, சைக்கிள் எல்லாம் அந்தத் தட்டியிலதான். பேரே அதாலதான் வந்தது. கொடிகாமம் – பருத்தித்துறைப் பாதையில அது பிற்காலம் வரைக்கும் ஓடினது. சந்தைக்குப் போற மனிசி கடகத்தோட ஏறலாம், இறங்கின இடத்தில இருந்து சைக்கிளில போற மனிசன் சைக்கிளோட ஏறலாம்.

பிறகு பஸ் வந்தது. பஸ் வேகமானது, மழைக்கு நனையாதது, இருக்கை மெத்தையானது. நல்லது. ஆனால் அதில தட்டி இல்லை. ஆளை ஏத்தினது, ஆளின்ர சைக்கிளை றோட்டில விட்டிட்டுது.

இதில என்ன பெரிய நட்டம் எண்டு கேப்பீங்கள். எங்கட தோழி ஒருத்தியின்ர நாளைச் சொல்லுறம். அவளின்ர வீடு ஏ-35 வீதியில இருந்து வாய்க்கால் கரையால உள்ளுக்குப் போகவேணும். காலமை வெள்ளெனச் சைக்கிளில பரந்தன் சந்திக்கு வருவாள். அங்க தெரிஞ்ச ஒரு வளவில சைக்கிளை விட்டிட்டு யாழ்ப்பாண பஸ் ஏறுவாள். ஆனையிறவு, சாவகச்சேரி தாண்டி யாழ்ப்பாணத்தில இறங்கினால் திருநெல்வேலிக்கு இன்னொரு பஸ், இல்லாட்டி ஓட்டோ. பின்னேரம் அதே மாதிரித் திரும்பி வரவேணும். பொழுது பட்டால் முரசுமோட்டை றோட்டில சைக்கிளில தனியப் போறதை வீட்டில விரும்ப மாட்டினம். அதனால கடைசிப் பாட விரிவுரையில பாதியில எழும்புவாள். இரண்டாம் வருசத்தில ஒரு நாள் பின்னேரம் வந்து பார்த்தால் வளவில சைக்கிள் இல்லை. புதுச் சைக்கிள் வாங்க வீட்டில காசு சேரும் வரைக்கும் அவள் எத்தனை நாள் வரேல்லை எண்டது வரவுப் பதிவேட்டில இருக்கு. ஏன் வரேல்லை எண்டது அதில இல்லை.

எங்கட நாலு பேரில மற்ற ரெண்டு பேரிட்ட ரெண்டு சைக்கிள். ஒண்டு ஊரில, ஒண்டு யாழ்ப்பாணத்தில. ரெண்டும் பழசு, ரெண்டுக்கும் ரியூப் மாத்த வேணும், எப்பவும் ஒண்டு பூட்டின படி கிடந்து துருப்பிடிக்கும். ஒருக்கா ஊர்ச் சைக்கிளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகலாம் எண்டு பார்த்தம். முதல் வந்த பஸ் நிக்கேல்லை. ரெண்டாவது பஸ்ஸில கொண்டக்டர் அண்ணை மனமிரங்கி, ஒரு ஆளின்ர ரிக்கற் காசு வாங்கிக்கொண்டு பின் கதவடியில வைக்க விட்டார். ஏறின ஆக்கள் எல்லாரும் ஏசிச்சினம். அவையில பிழையில்லை, கரியல் ஒரு அம்மாவின்ர சீலையைக் கிழிச்சுப் போட்டுது. இறங்கேக்க மட்காட்டும் நெளிஞ்சிருந்தது.

சைக்கிளை இன்னொண்டில ஏத்திக்கொண்டு போறது எங்கட சனத்துக்குப் புதிசில்லை. 90களின்ர முதல் பாதியில ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்த காலம், கிளாலிக் கடலைப் படகில கடந்தவை சைக்கிளையும் படகிலதான் ஏத்தினவை. அக்கரையில இறங்கினால் வேற வாகனம் இல்லை, பெற்றோலுக்குத் தடை. பாட்டுக் கேக்கக்கூடச் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, சில்லைச் சுத்தி, டைனமோவில ரேடியோ போட்ட காலம். எங்கட வீடுகளில முதல் ஓடின மின்சார வாகனம் அந்தச் சைக்கிள்தான் எண்டு சித்தப்பா சொல்லிச் சிரிச்சார். 2009 தை மாதம் இந்த ஏ-35 வீதியாலதான் சனம் கிழக்கை நோக்கிப் போனது. சைக்கிளில சட்டி பானை, சைக்கிளில பிள்ளை, சைக்கிளில நடக்க ஏலாத கிழவி. கடைசியில முள்ளிவாய்க்காலில விட்டிட்டு வந்த சைக்கிள்கள் குவியல் குவியலாக் கிடந்ததை நாங்கள் படத்திலதான் பார்த்தம். எங்கட அம்மா அப்பாமாருக்கு அதில ஒரு சைக்கிள் இருந்தது.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது முழு இலங்கையும் சைக்கிளைத் தேடினது. கியூஆர் காட்டிப் பெற்றோல் அடிச்ச அந்தக் காலத்தில, சைக்கிள் பாதை வேணும், சைக்கிளுக்கு மரியாதை வேணும் எண்டு எல்லாரும் கதைச்சினம். பெற்றோல் திரும்ப வந்தது, கதை நிண்டது. 2025 பெப்ரவரியில தனியார் வாகன இறக்குமதி திறந்த பிறகு மின்சாரக் கார்தான் கதை. எங்களுக்கு மின்சாரக் காரில கோபம் இல்லை. ஆனால் எங்கட ஊரில எத்தனை வீட்டுக்கு அது கிடைக்கும்? சித்தப்பாவின்ர காரில எங்களுக்குத் தேவையானது அந்தக் கார் இல்லை, பின்னுக்கு இருக்கிற தட்டு. தூரத்துக்கு ஒரு வாகனம், கிட்டத்துக்குச் சைக்கிள், ரெண்டையும் சேர்க்க ஒரு கொக்கி. அந்த யோசனை காருக்கு மட்டும் சொந்தமில்லை.

கனடாவில, எங்கட சனம் நிறைய இருக்கிற ரொறன்ரோவில, நகரப் பஸ்ஸின்ர முன்னுக்கு ரெண்டு சைக்கிள் வைக்கிற மடிப்புத் தட்டு இருக்கு. வேண்டாத நேரம் பஸ்ஸின்ர முகத்தோட மடிஞ்சு நிக்கும். சாரதி இறங்கத் தேவையில்லை. சைக்கிள்காரரே தட்டை இறக்கி, ரெண்டு சில்லையும் பள்ளத்தில வைச்சு, ஒரு கம்பியை இழுத்து முன் சில்லுக்கு மேல போட்டிட்டு ஏறுவினம். அதுக்குத் தனிக் காசும் இல்லை.

இங்க சரிவராது எண்டு சொல்ல நிறையக் காரணம் இருக்கு, எங்களுக்கும் தெரியும். எங்கட பஸ்கள் ஒண்டை ஒண்டு முந்தி ஓடுது, ஒரு நிமிசம் நிண்டால் பின்னால வாறவன் சனத்தை ஏத்திப்போடுவான். முன்னுக்கு வைச்சால் லைற் மறையும், பின்னுக்கு வைச்சால் சாரதிக்குத் தெரியாது. எங்கட லுமாலாச் சைக்கிள்கள் பாரம், கரியலும் ஸ்ராண்டும் வேற. ரெண்டு சைக்கிளுக்கு இடம் இருந்தால் மூண்டாவது ஆள் சண்டை பிடிக்கும். எல்லாம் உண்மை.

ஆனால் இவை செய்யாமல் விடுறதுக்கான காரணங்கள் இல்லை, செய்யேக்க கவனிக்க வேண்டியவை. நேரப் போட்டி இல்லாத ஒரு பஸ்ஸில தொடங்கலாம். காலமை யாழ்ப்பாணம் போய்ப் பின்னேரம் முல்லைத்தீவுப் பக்கம் திரும்புற ஒரு இ.போ.ச. பஸ், ஒரு தட்டு, ரெண்டு சைக்கிள், ஒரு தவணைக் காலம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பாதுகாப்பைப் பார்த்து அனுமதி குடுக்கட்டும். லைற் மறையாமல், பிரேக் பிடிச்சாலும் அசையாமல் ஒரு தட்டைச் செய்ய வெளிநாட்டுக்கு எழுதத் தேவையில்லை. உழவு மிசினுக்குக் கொக்கியும் பெட்டியும் ஒட்டிக் குடுக்கிற ஒட்டுக்கடைகள் பரந்தனிலயும் கிளிநொச்சியிலயும் இருக்கு. அறுவடைக் காலத்தில மிசின் பெட்டியில சைக்கிளை ஏத்திக்கொண்டுதான் நாங்கள் வயலால வீட்டுக்கு வாறது. கொக்கி எண்டால் என்ன எண்டு முரசுமோட்டைக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதோட ஒரு சின்ன வேலையும் சேரவேணும். பரந்தன் சந்தியில கூரையும் லைற்றும் பூட்டும் உள்ள ஒரு சைக்கிள் நிறுத்துமிடம். தட்டில இடம் கிடைக்காத ஆள் அங்க நம்பி விட்டிட்டுப் போகலாம். இதுக்குப் பிரதேச சபை போதும்.

இதைக் கோரிக்கையா எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறம். கம்பஸ்ஸில வன்னியில இருந்து வாற பிள்ளைகளிட்ட முதல் கேக்கிறம்: உங்கட சைக்கிள் இப்ப எங்க நிக்குது, அங்க இருந்து வீடு எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குப் பிறகு அந்தத் தூரம் போக ஏலாது? இதை வாசிக்கிற நீங்களும் எழுதி அனுப்புங்கோ.

எங்கட தோழிக்கு இப்ப மூண்டாம் வருசம். இன்னும் கடைசி விரிவுரையில பாதியில எழும்பித்தான் போறாள்.