மறதி முதுமையின் இலக்கணமா?

நம்மவர் இல்லங்களில் ஒரு சொல் வேரூன்றிப் போயிற்று. “வயதாகிவிட்டது, மறதி வரத்தானே செய்யும்?” என்பதே அது. இச்சொல்லை நாம் வன்மையாக மறுக்கிறோம். நலமாயிருக்கும் முதியவரை அறிவு குன்றியவரென அது ஒதுக்கி வைக்கிறது. நோயுற்ற முதியவரையோ மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்துவிடுகிறது. ஒரே சொல்லில் இரண்டு அநீதிகள்!

நினைவாற்றல் என்பது ஆண்டுதோறும் வற்றிக்கொண்டு போகும் ஒற்றைக் குளமன்று. அது பலவகைப்பட்டது, ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு பருவம் உண்டு. மூன்று வயதுக்கு முன் நிகழ்ந்தவை நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் இல்லை. ஆயினும் தாய்மொழி நாவில் ஏறியது அப்பருவத்தில்தான். புதிய பெயர்களையும் எண்களையும் விரைந்து பற்றும் திறன் இளமையில் ஓங்கி நின்று பின்னர் மெல்லத் தளர்கிறது. சொல்வளமும் பொருளறிவுமோ அறுபதைக் கடந்தும் பெரிதும் குன்றாது நிற்கின்றன. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையே நடந்தவை முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பது உளநூலார் கண்ட உண்மை. ஆகவே, மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்த பாட்டனார், தம் நிக்காஹ் நாளை நேற்று நடந்ததுபோல் விவரித்தால் அது நகைப்புக்குரியதன்று. நினைவின் இயல்பே அது.

இளமையில் மனனம் செய்த ஹாபிழ்கள் பலர் முதுமையிலும் தடையின்றி ஓதுகின்றனர். இடைவிடாது மீள ஓதி வருவதே அதற்குக் காரணம். ‘ஹிப்ழு’ என்னும் அரபிச் சொல்லுக்கு மனனம் என்பதோடு காத்தல் என்றும் பொருள் உண்டு.

இனி நோயைப் பார்ப்போம். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் உலகறியச் செய்த நோயாளிப் பெண், 1901இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது 51 வயதினரே. அவர் பெயரால் வழங்கும் அந்நோய் மூளையின் அணுக்களை அழிக்கும் பிணி. வயது ஏற ஏற அது வரும் வாய்ப்புப் பெருகுமேயன்றி, முதுமையே நோயாகிவிடாது. சாவியை வைத்த இடம் மறப்பது வேறு. சாவி எதற்கென்றே விளங்காது விழிப்பது வேறு. நாள்தோறும் சென்ற பள்ளிவாசலுக்கு வழி தடுமாறுவதும், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பதும் அசட்டை செய்யத்தக்கன அல்ல. தைராய்டுக் குறை, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி தோன்றும். இவற்றைப் பெரும்பாலும் சிகிச்சையால் சீராக்கலாம். சீராக்கத்தக்க குறையை ‘வயது’ என்று சொல்லி வளரவிடுவது எவ்வகை நியாயம்?

“ஒன்றுமறியா நிலைக்குத் தள்ளப்படும் வயதைத் திருமறையே கூறுகிறதே!” என்பர் சிலர். ஆம், 16:70இல் கூறுகிறது. ஆனால் அங்கு ‘மின்கும்’ என்ற சொல் நிற்பதை அவர்கள் நோக்கவில்லை. மனிதர்களில் சிலர்க்கே அந்நிலை என்பது அச்சொல்லால் பெறப்படும். எல்லார்க்கும் அது விதியாக்கப்படவில்லை. முதிர்ந்த பெற்றோரைச் சலிப்புச் சொல்லாலும் புண்படுத்தலாகாது என 17:23 கட்டளையிடுவதும் அதே திருமறையே.

ஆதலின் அன்பர்களே, உங்கள் வாப்பாவோ உம்மாவோ மறந்தால் சிரிக்காதீர்கள், சினவாதீர்கள். அம்மறதி எத்தகையதென்று உற்று நோக்குங்கள். இயல்பான மறதியாயின் பொறுத்துக்கொள்ளுங்கள். பிணியென ஐயம் எழுந்தால் காலந் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.